சாம்பல் அடித்தால் நீலம் தெரிகிறதா? அடங்கிய நிறச் சுவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஷேட் கார்டில் பார்த்து ஆசையாகத் தேர்ந்தெடுத்த சாம்பல், சுவரில் ஏறியதும் நீலமாக நிற்கிறது. வெண்பழுப்பு இளஞ்சிவப்பாகிறது. சாம்பல் கலந்த பச்சை, காலையில் பச்சையாகவும் மாலையில் வெறும் சாம்பலாகவும் இருக்கிறது. கடையில் தவறான டப்பாவைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் டப்பா சரியானதாகவே இருக்கும். பளிச்சென்ற சிவப்போ மஞ்சளோ அடித்தவர்கள் இப்படிப் புலம்புவது அபூர்வம். இந்தத் தொல்லையெல்லாம் அடங்கிய நிறங்களோடுதான்.

அடர்ந்த சிவப்புச் சுவர் நீல ஒளியையும் பச்சை ஒளியையும் பெருமளவு விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. எந்த வெளிச்சம் விழுந்தாலும் திரும்பி வருவது சிவப்புதான். அடங்கிய நிறம் எல்லா ஒளியையும் கிட்டத்தட்டச் சமமாகத் திருப்புகிறது. நீலத்தில் 55 சதவீதம், சிவப்பில் 58 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று புள்ளிகள்தான் அதன் நிறமே. பகல் வெளிச்சத்தில் நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதமோ ஒரே நாளில் பல மடங்கு மாறுகிறது. கூட்டத்தில் மெல்லப் பேசுகிறவர் குரல் போல, பெயின்ட் சொல்வது வெளிச்சத்தின் சத்தத்தில் அமுங்கிப்போகிறது.

வெளிச்சத்தின் சாயலைக் கெல்வினில் அளக்கிறார்கள். எண் ஏற ஏற நீலம் கூடும். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் 2000 முதல் 3500 வரை இருக்கும், உச்சி வெயில் சுமார் 5500, மேகம் மூடிய வானம் 6500 முதல் 7500 வரை. வெயிலே படாமல் தெளிந்த நீல வானத்திலிருந்து மட்டும் வரும் வெளிச்சம் 10,000ஐயும் தாண்டும். உங்கள் சுவர் இவற்றில் எதைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. மீதிப் பாதி, பக்கத்தில் இருக்கும் பொருள்களைச் சந்தேகப்படுவது. பெயின்ட்டின் மேல் பழி போடுவது கடைசியில்தான்.

முதலில் மூன்று சோதனைகள்

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள். மொத்தமே பத்து நிமிட வேலை.

ஒன்று, ஓட்டைச் சோதனை. சாம்பல் நிற அட்டை ஒன்றில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை போட்டு, அட்டையைக் கண்ணிலிருந்து கை நீளத்தில் பிடித்து, ஓட்டை வழியாகச் சுவரை மட்டும் பாருங்கள். அட்டைக்கும் சுவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம் விழும்படி நில்லுங்கள். தரை, சோபா, திரை, ஜன்னலுக்கு வெளியே உள்ள மரம் எல்லாம் பார்வையிலிருந்து போய்விடும். இப்போதும் நீலமாகத் தெரிந்தால் வெளிச்சமோ பெயின்ட்டோ காரணம். ஓட்டை வழியே சாதாரணச் சாம்பலாகத் தெரிந்தால் பக்கத்துப் பொருள்கள் உங்கள் கண்ணை ஏமாற்றுகின்றன.

இரண்டு, வெள்ளை அட்டைச் சோதனை. சுவரில் வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள். அட்டையிலும் நீலம் ஏறியிருந்தால் அது வெளிச்சத்தின் நீலம். பிரின்டர் தாளை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதை வெள்ளையாகக் காட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள், புற ஊதாக் கதிர் பட்டதும் நீலமாக ஒளிரும். ஜன்னலோரத்தில் அந்தத் தாள் எப்போதும் கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கும். மினுமினுப்பில்லாத (மேட்) வெள்ளை பெயின்ட் அடித்த அட்டை பாதுகாப்பானது.

மூன்று, இடம் மாற்றும் சோதனை. மீதமுள்ள பெயின்ட்டை ஓர் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, எதிர்ச் சுவருக்கு, அடுத்த அறைக்கு, வாசலுக்கு வெளியே என்று கொண்டுபோய்ப் பாருங்கள். போகிற இடத்துக்கெல்லாம் நிறம் மாறினால் பெயின்ட் நிரபராதி. எங்கே போனாலும் அதே ஊதாச் சாயல் ஒட்டிக்கொண்டிருந்தால், அது கலவையிலேயே இருக்கிறது.

அறிகுறி: சாம்பல் நீலமாகத் தெரிகிறது

எல்லாவற்றிலும் அதிகம் கேட்கும் புகார் இதுதான். மூன்று காரணங்கள் தனித்தனியாகவும் வரும், சேர்ந்தும் வரும்.

முதல் காரணம் ஜன்னல் பார்க்கும் திசை. நேர் வெயில் வராத ஜன்னல் வழியாக வானத்தின் வெளிச்சம்தான் உள்ளே வருகிறது. பூமியின் வடபாதியில் இது வடக்கு ஜன்னல், தென்பாதியில் தெற்கு ஜன்னல். "வடக்கு அறை எப்போதும் குளிர்ந்த வெளிச்சம்" என்று பல வழிகாட்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பார்கள். அது பூமத்திய ரேகையிலிருந்து விலகிய இடங்களில் எழுதிய விதி. ரேகையிலிருந்து 23.4 பாகைக்குள் இருக்கும் இடங்களில் வருடத்தின் ஒரு பகுதியில் நண்பகல் சூரியன் அந்தப் பக்கம் தாண்டிவிடும், ஜன்னலில் வெயிலும் அடிக்கும். ஆகவே திசைகாட்டியைவிட உங்கள் கண்ணை நம்புங்கள். காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தரையில் வெயில் விழுகிறதா என்று பார்த்தால் போதும். எப்போதுமே விழவில்லை என்றால் சுவருக்குக் கிடைப்பது வானத்தின் நீலம்.

இரண்டாவது, கலவை. கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் நடுநிலையான சாம்பல் வரும் என்று நினைப்போம். கார்பன் கறுப்பு வெள்ளையோடு சேரும்போது பெரும்பாலும் மெல்லிய நீலச் சாயல்தான் வரும். அதைச் சமன்செய்யத்தான் மஞ்சள் ஆக்சைடோ அம்பர் என்ற மண்ணிறப் பழுப்போ சேர்ப்பார்கள். டின்ட் இயந்திரத்தில் கலந்த டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்தெந்தச் சாயம் எவ்வளவு என்று பல நேரம் அச்சாகியிருக்கும். குறியீடுகள் புரியாவிட்டால் கடையில் கேளுங்கள், சொல்வார்கள். கறுப்பும் நீலமும் மட்டும் இருந்தால் அந்தச் சாம்பல் வெயில் வராத அறைக்கு ஆகாது. மஞ்சள் ஆக்சைடு கொஞ்சம் இருந்தால் தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவது, தரை. தேன் நிற மரத்தரையோ மஞ்சள் பழுப்பு மேசையோ பக்கத்தில் இருந்தால், அதற்கு எதிர்ச் சாயலான நீலம் சுவரில் இருப்பதாகக் கண் கற்பித்துக்கொள்ளும். இந்த ஏமாற்று வேலையை விரிவாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜின் ஷெவ்ரூல். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்தியவர். அங்கேயும் ஒரு புகாரில்தான் தொடங்கியது: கறுப்பு நூலின் சாயத்தில் வலு இல்லை என்றார்கள். நூலைச் சோதித்தால் குறையொன்றும் இல்லை. அதன் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கடித்திருந்தன. அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் விதிகளை 1839இல் புத்தகமாக வெளியிட்டார். உங்கள் சுவரும் அந்தக் கறுப்பு நூலும் ஒரே வழக்கில் மாட்டியவை.

தீர்வு, காரணத்தைப் பொறுத்தது. ஓட்டைச் சோதனையில் நீலம் மறைந்துவிட்டால் பெயின்ட்டைத் தொடாதீர்கள். தரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெரிய விரிப்பு போட்டுப் பாருங்கள், சாம்பலும் பழுப்பும் கலந்ததாக. மறையவில்லை, வெள்ளை அட்டையும் நீலமாக இருக்கிறது என்றால் உள்ளே வரும் வெளிச்சத்தைத் திருத்தலாம். மங்கிய வெண்மஞ்சள் நிறத்தில் மெல்லிய திரை, வழியில் வரும் வெளிச்சத்தின் நீலத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வெள்ளை அட்டை சரியாக இருந்து சுவர் மட்டும் நீலமாக இருந்தால்தான் மறு கோட். அப்போதும் இன்னும் வெளிர் சாம்பலுக்குப் போகாதீர்கள், அதில் நீலம் அப்படியே இருக்கும். அதே அளவு அழுத்தத்தில் பழுப்பு அடிச்சாயல் உள்ள சாம்பலுக்குப் போங்கள். கடையின் வெளிச்சத்தில் அது கொஞ்சம் அழுக்குப் பழுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், நீல வெளிச்சத்தில் அதுதான் சாம்பலாக நிற்கும்.

இன்னொன்று. பகலிலும் மஞ்சள் விளக்கு எரியும் அறையில் ஜன்னலோரச் சுவர் இருப்பதைவிட நீலமாகத் தெரியும். ஒரே ஒரு வெளிச்சம் இருந்தால் கண் சீக்கிரம் பழகி, அதன் சாயலைப் பெருமளவு கழித்துவிடும். இரண்டு வெளிச்சம் ஒரே பார்வையில் இருந்தால் எதைக் கழிப்பது என்று அதற்குத் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சில வீடுகளில் புகார் இதோடு தீர்ந்துவிடும்.

அறிகுறி: சாம்பல் ஊதாவாக, பழுப்பு இளஞ்சிவப்பாக மாறுகிறது

வெதுவெதுப்பான சாம்பல், வெண்பழுப்பு போன்ற ஷேடுகளில் சிவப்பு ஆக்சைடு கொஞ்சம் இருக்கும். நண்பகலில் அது தலைகாட்டாது. மாலை வெயில் சாய்ந்து உள்ளே வந்ததும் சிவப்பு எழுந்து நிற்கும். மேற்குப் பார்த்த அறையில் இது தினசரி நாடகம். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் என்றால் என் தீர்ப்பு, விட்டுவிடுங்கள் என்பதுதான். அந்த வெளிச்சத்தில் எல்லாமே சிவக்கும், உங்கள் கையும்கூட. நாள் முழுக்க இளஞ்சிவப்பு என்றால்தான் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். செங்கல் சுவரோ சிவப்பு ஓடு வேய்ந்த கூரையோ எதிரில் வெயில் வாங்கிக்கொண்டிருந்தால், உள்ளே வருவது சிவப்புச் சாயம் ஏறிய வெளிச்சம். அறையின் கூரையைப் பார்த்தால் புரியும். கீழேயிருந்து மேலே எகிறி வரும் வெளிச்சம் நேராகக் கூரையில்தான் விழும். வெள்ளைக் கூரையின் ஜன்னலோரப் பகுதி இளஞ்சிவப்பாக இருந்தால் குற்றவாளி வெளியில் இருக்கிறார்.

மரம், புல்வெளி இருந்தால் கதை சுவாரசியமாகிறது. பச்சை இரண்டு விதமாக, அதுவும் நேரெதிராக வேலை செய்யும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இலைகளிலிருந்து வந்த பச்சை வெளிச்சம் நிஜமாகவே விழுகிறது, அது பச்சையாகும். ஜன்னல் இருக்கும் சுவரிலோ அந்த வெளிச்சம் நேரே விழாது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் நடுவில் பளிச்சென்ற பச்சைக் காட்சி கண்ணில் படுகிறது. பச்சைக்கு எதிர்ச் சாயலான இளஞ்சிவப்பைக் கண் அந்தச் சுவரில் பூசிவிடும். எதிர்ச் சுவர் பச்சை, ஜன்னல் சுவர் இளஞ்சிவப்பு என்ற விசித்திரமான புகார் வந்தால் இரண்டும் உண்மைதான். ஜன்னல் சுவரின் இளஞ்சிவப்புக்கு மெல்லிய திரை போதும், காட்சி மறைந்ததும் அதுவும் போகும். எதிர்ச் சுவரின் பச்சைக்கு அடுத்த முறை சிவப்பை நோக்கி ஒரு துளி சாய்ந்த ஷேடைத் தேர்ந்தெடுக்கலாம். மரத்தை வெட்ட வேண்டாம்.

ஜன்னல் கண்ணாடியையும் ஒரு முறை சோதியுங்கள். நிறம் ஏற்றிய கண்ணாடியும், வெப்பம் தடுக்கும் படலம் ஒட்டியதும் வெளிச்சத்தின் சாயலை மாற்றும். ஜன்னலைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை வெள்ளை அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: சாம்பல் பச்சை, மங்கிய நீலம், மங்கிய ரோஜா எல்லாம் வெறும் சாம்பலாகிவிட்டன

இது வெளிச்சத்தின் சாயலால் வருவதில்லை, அளவால் வருவது. வெளிச்சம் குறையக் குறைய நிறங்களின் செறிவும் குறைவதாகக் கண்ணுக்குத் தெரியும். இதை ஆராய்ந்த நிறவியலாளர் ராபர்ட் ஹன்ட்டின் பெயரால் ஹன்ட் விளைவு என்கிறார்கள். திறந்த வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும், மேகம் மூடிய நாளில் வெளியே 10,000 அளவுக்கு. அறையின் உள்மூலையில் நூறுகூடத் தேறாமல் போகலாம். ஏற்கெனவே குறைவாக இருந்த பச்சை அங்கே காணாமல் போவதில் ஆச்சரியமில்லை.

இருட்டான அறையில் பலர் செய்வது, "இன்னும் வெளிறிய பச்சை அடித்தால் வெளிச்சம் கூடும்" என்று இறங்குவது. வெளிச்சம் கொஞ்சம் கூடலாம், பச்சை முற்றிலும் செத்துவிடும். நான் எதிர்த்திசையில் போகச் சொல்வேன். அதே நிறக் குடும்பத்தில் இரண்டு படி செறிவு கூடிய ஷேடை எடுங்கள். ஷேட் கார்டில் அது உங்கள் ரசனைக்குச் சற்று அதிகம் என்று தோன்ற வேண்டும். அந்த அறையில் அது சரியாக அடங்கி நிற்கும். உள்மூலையில் ஒரு விளக்கு வைத்துச் சுவரை நோக்கித் திருப்பிப் பார்ப்பது அதைவிட மலிவான முதல் முயற்சி.

அறிகுறி: அட்டையில் இருந்ததைவிட அழுத்தமாக, "கத்துகிற" மாதிரி இருக்கிறது

முந்தைய அறிகுறிக்கு நேரெதிர். நல்ல வெளிச்சம் உள்ள சிறிய அறைகளில், குறிப்பாக நான்கு சுவரும் கூரையும் ஒரே நிறமாக இருந்தால் வரும். சுவர்கள் ஒன்றுக்கொன்று வெளிச்சத்தை எறிந்து விளையாடுகின்றன, ஒவ்வொரு எறிதலிலும் நிறம் கூடுகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். சுவர் சிவப்பில் 70 சதவீதமும் நீலத்தில் 60 சதவீதமும் திருப்புகிறது என்றால் முதல் முறை இரண்டுக்கும் விகிதம் சுமார் 1.17. அதே ஒளி எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும்போது 49க்கு 36, விகிதம் 1.36. ஒரே பெயின்ட், இரண்டே துள்ளலில் இரு மடங்கு நிறம். அட்டைத் துண்டில் இது நடக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு, பெரிய பரப்பில் பார்க்கும் நிறம் சின்னத் துண்டில் பார்த்ததைவிடச் செறிவாகத் தெரியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

கடையில் "பாதிச் செறிவில் கலந்து கொடுங்கள்" என்று கேட்பது வழக்கம். அதில் நிறம் வெளிறும், ஆனால் வெளிறிய சுவர் இன்னும் அதிகமாக ஒளியை எறியும், துள்ளலும் கூடும். எனக்குப் பிடித்த வழி வேறு: அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு சாம்பல் கூடிய ஷேடுக்கு மாறுவது. அதற்கும் முன்னால் கூரையை மட்டும் வெள்ளையாக்கிப் பாருங்கள். துள்ளும் பரப்பில் ஒரு பெரிய பங்கு போய்விடும்.

அறிகுறி: வெள்ளை கலந்த ஷேட் அழுக்காகத் தெரிகிறது

பல ஷேட் கார்டுகளின் பின்பக்கம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பதை 0 முதல் 100 வரை காட்டும் அளவு. முழு வெள்ளைக்குப் பக்கத்தில் உள்ளவை 85ஐ ஒட்டி இருக்கும். 70 அளவுள்ள வெண்பழுப்பை, 88 உள்ள பளிச் வெள்ளைக் கதவு நிலைக்குப் பக்கத்தில் அடித்தால் அது கழுவாத வெள்ளை மாதிரிதான் தெரியும். தனியாக இருந்தால் அழகாக இருந்திருக்கும். கதவு நிலையையும் கூரை ஓரத்தையும் கொஞ்சம் மங்கலான வெள்ளைக்கு மாற்றுவது சுவர் முழுவதையும் மாற்றுவதைவிட எளிது.

வெளிச்சம் குறைவான அறைக்கு வெள்ளை அடித்தால் பிரகாசமாகும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. திருப்பி அனுப்ப வெளிச்சமே வராதபோது வெள்ளை எதைத் திருப்பும்? நிழலில் வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும்.

சில நேரம் அழுக்கு நிஜமானது. சுவரில் நெடுநாள் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிப் பாருங்கள். படத்துக்குப் பின்னால் சுத்தமாகவும் சுற்றிலும் மங்கலாகவும் இருந்தால் புகையும் தூசும் படிந்திருக்கின்றன, அல்லது சாயம் வெளுத்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் எது என்று தெரியும். படத்துக்குப் பின்னால்தான் அதிக மஞ்சள் என்றால், அது எண்ணெய் அடிப்படையிலான எனாமல் வெள்ளை. அந்த வகை இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் ஓரளவு தெளியும். துடைத்துப் பயனில்லை. அடுத்த முறை நீர் அடிப்படையிலான பெயின்ட்டுக்கு மாறுங்கள்.

அறிகுறி: வெயில் நேரத்தில் நிறமே இல்லாமல் வெளுத்துப்போகிறது

நேர் வெயில் படும் சுவரில் கண் வெயிலின் அளவுக்குச் சுருங்கிக்கொள்கிறது, மென்மையான வித்தியாசங்கள் எல்லாம் வெள்ளையாகக் கரைகின்றன. சாட்டின், செமி கிளாஸ் போன்ற மினுமினுப்பான ஃபினிஷ் என்றால் இன்னும் மோசம். மினுமினுப்பில் திரும்பும் ஒளி பெயின்ட்டின் சாயத்தைத் தொடாமலே மேற்பரப்பிலிருந்து வருவது, அதில் ஜன்னலின் நிறம்தான் இருக்கும். சுவரோரம் நின்று சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது இருந்த நிறம் சாய்வில் காணாமல் போனால் ஃபினிஷ்தான் காரணம், மேட் ஃபினிஷுக்கு மாறினால் தீரும். துடைத்துக் கழுவ வேண்டிய சுவர்களில் மேட் சிரமம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரே ஷேட், நான்கு சுவர், நான்கு நிறம்

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வெளிச்சத்தை நேராக வாங்குகிறது. பக்கச் சுவர்கள் சாய்வாக வாங்கி, உள்ளே போகப் போக மங்குகின்றன. ஜன்னல் இருக்கும் சுவருக்கு நேர் வெளிச்சமே கிடையாது, போதாததற்குப் பளிச்சென்ற ஜன்னலோடு போட்டி வேறு. அது எப்போதும் ஒரு ஷேட் கறுத்துத்தான் தெரியும். பொறுக்கவில்லை என்றால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் ஒரு படி வெளிர் ஷேடை அடிக்கலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நிறம் மாறும் கோடு எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். சுவர் மூலையில் மாறினால் வெளிச்சம். சுவரின் நடுவில், ரோலரை நிறுத்திய இடத்தில் மாறினால் இரண்டு டப்பாவும் ஒரே கலவை இல்லை. அடிக்கும் முன்பே எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. திட்டுகள் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், சுவரை உரசிக்கொண்டு வெயில் வரும்போது தெரிந்தால் அது நிறமே அல்ல. பட்டியின் மேடுபள்ளமும் ரோலர் தடமும் நிழல் போடுகின்றன. தேய்த்துச் சமன்செய்யாமல் எத்தனை கோட் அடித்தாலும் போகாது.

அறிகுறி: பகலில் சரி, இரவில் வேறு நிறம்

பல்பின் பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். 2700 கெல்வின் என்றால் மஞ்சள் வெளிச்சம், சாம்பல் நீலம் மந்தமாகும், வெண்பழுப்பு மஞ்சளாகும். 4000 கெல்வின் பகலுக்கு நெருங்கி வரும், ஆனால் இரவில் அது பலருக்கு அலுவலக உணர்வைத் தரும். 3000 அல்லது 3500 நல்ல சமரசம். அடுத்த எண் சி.ஆர்.ஐ., பல்பு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு. அதில் 80 என்பது சாதாரணம், அடங்கிய நிறங்களுக்கு 90க்கு மேல் தேடுங்கள். சி.ஆர்.ஐ. குறைந்த பல்பில் ஒளி சில நிறங்களில் அதிகமாகவும் சிலவற்றில் மிகக் குறைவாகவும் இருக்கும், சாம்பல் பச்சை போன்றவை சட்டென்று நோய்வாய்ப்பட்ட மாதிரி ஆகும்.

சுவரும் திரையும் பகலில் அச்சுப்போல் ஒத்துப்போய், இரவில் சண்டை போட்டால் அது மெட்டாமெரிசம். வெவ்வேறு சாயங்களால் ஒரே நிறத்தை எட்டிய இரண்டு பொருள்கள் ஒரு வெளிச்சத்தில் பொருந்தும், இன்னொன்றில் பிரியும். இதற்கு மருந்து கிடையாது. திரையை இரண்டு படி அழுத்தமாகவோ வெளிராகவோ எடுத்துவிட்டால், ஒத்துப்போக வேண்டிய கட்டாயமே இல்லாமல் போகும்.

பொழுது சாய்ந்து விளக்கு போடாத அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் தனி விதி. அரையிருட்டில் சிவப்பு, பழுப்புச் சாயல்கள் கறுத்து, நீல, பச்சைச் சாயல்கள் ஒப்பீட்டளவில் வெளிச்சமாகத் தெரியும். செக் உடலியலாளர் யான் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்தது. இது கண்ணின் இயல்பு, பெயின்ட்டால் திருத்த முடியாது. விளக்கைப் போடுங்கள்.

அறிகுறி: நேரில் ஒன்று, போட்டோவில் ஒன்று

கைபேசி கேமரா ஒவ்வொரு படத்திலும் வெள்ளை எது என்று தானே ஊகித்துச் சாயலை மாற்றுகிறது. சுவர் முழுக்க ஒரே அடங்கிய நிறமாக இருந்தால் அதையே நடுநிலைச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு நிறத்தைக் கழித்துவிடும். போட்டோவை வைத்து ஷேடைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், கடையில் சண்டை போடவும் வேண்டாம்.

மறுபடி அடிப்பதென்று முடிவு செய்துவிட்டால்

சுவரில் நேரடியாக ஒரு சதுரம் அடித்துப் பார்ப்பது பரவலான பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய நிறம் சுற்றிலும் நின்று புதியதைத் திரித்துக்காட்டும், ஷெவ்ரூலின் நூல் மாதிரி. அரை மீட்டர் அகலமுள்ள அட்டையில் ஓரம்வரை, உண்மையில் அடிக்கப்போகும் அதே ஃபினிஷில் இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் அழுத்தம் கூடும். அட்டையை மேசையில் கிடத்திப் பார்க்கவும் கூடாது, கிடக்கும் பரப்புக்கும் நிற்கும் பரப்புக்கும் கிடைக்கும் வெளிச்சம் வேறு. நிமிர்த்தி, பழைய சுவரை மறைக்க ஒரு பெரிய வெள்ளைத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு வையுங்கள்.

மிக இருட்டான சுவரிலும் மிக வெளிச்சமான சுவரிலும் மாறி மாறி வைத்து, வெயில் நாளில் ஒரு முறையும் மேகம் மூடிய நாளில் ஒரு முறையும் பாருங்கள். அந்த அறையை நீங்கள் எப்போது அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அந்த நேரத்துக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். படுக்கையறை நண்பகலில் எப்படி இருந்தால் என்ன, இரவு விளக்கில் நன்றாக இருந்தால் போதும். இரண்டு ஷேடுக்கு நடுவில் தடுமாறினால், எல்லா நேரத்திலும் சுமாராக இருப்பதைவிட உங்கள் நேரத்தில் மிக நன்றாக இருப்பதை எடுங்கள்.

தேர்ந்தெடுத்த அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். பின்பக்கம் ஷேட் எண், ஃபினிஷ், தேதி எழுதி, டப்பாவின் கலவைச் சீட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையோ சோபாத் துணியோ வாங்கப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய், கடையின் விளக்கில் ஒரு முறையும் வாசல் வெளிச்சத்தில் ஒரு முறையும் துணியோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கலாம்.